ஒரே கடையில் இரண்டு படிகள்



ஷஅபான் பிறந்துவிட்டால் நம் கரையோர ஊர்களின் வீடுகளில் மளிகைப் பட்டியல் நீளத் தொடங்கும். நோன்பு திறந்தபின் அருந்தும் தேநீருக்கும், வீடு தேடி வருவோருக்குக் கரைக்கும் சர்பத்துக்கும், பெருநாள் தம்மடைக்கும் வட்டலப்பத்துக்கும் சீனி வேண்டும். வரி குறைந்துவிட்டதாகச் செய்தி வந்த நாளில், "விலை ஏன் இறங்கவில்லை?" என்று வீட்டார் கேட்டால், "இது பழைய சரக்கு லாத்தா, புதுச் சரக்கு வரட்டும்" என்பார் கடைக்காரர். வரி ஏறிய செய்தி வந்த மறுநாள் அதே கடையில், அதே மூட்டையிலிருந்து நிறுக்கப்படும் பண்டத்திற்குப் புதிய விலை சொல்லப்படும். அன்று பழைய சரக்கு என்ற பேச்சே எழாது.

இந்தச் சிறு உரையாடல் நம்மில் பலருக்குப் பழகிப்போன ஒன்று. வாங்குபவராக நின்று அலுத்துக்கொள்பவர்களும், விற்பவராக நின்று அவ்வாறே பதில் சொல்பவர்களும் நம் மஹல்லாக்களில் அடுத்தடுத்த ஸஃப்புகளில் நின்று தொழுகிறவர்கள். ஆகவே இதனை அரசியல் செய்தியாக மட்டும் கருதி விட்டுவிடாமல், ஈமானோடும் ரிஸ்கோடும் தொடர்புடைய கேள்வியாக எடுத்துக்கொள்ள விரும்புகிறோம்.

கடலும் தீர்வையும்

கடல் வழியே வரும் பொருளுக்குத் தீர்வை என்பது தூத்துக்குடிக் கரைக்குப் புதிதன்று. போர்ச்சுக்கீசியர் தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத மரக்கலங்களைக் கைப்பற்றினர். 1658-இல் தூத்துக்குடியைக் கைக்கொண்ட டச்சுக்காரரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் முத்துச் சலாபத்தில் தம் பங்கை எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேய அரசு நடத்திய முத்துக்குளிப்பில், மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவர்களுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கு அரசுக்கு. நம் முன்னோரான மரக்காயர்களும், அவர்களோடு ஒரே பாரில் குளித்த பரதவர்களும் அந்தக் கணக்கை நன்கு அறிந்திருந்தனர். 1961-இல் நடந்த முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் ஓய்ந்தது. ஆயினும் கரையில் அமர்ந்து எழுதும் ஓர் ஆணை, கடலில் உழைப்பவனின் பங்கையும் அடுப்படியில் நிற்பவளின் செலவையும் மாற்றிவிடும் என்ற உண்மை ஓயவில்லை.

சீனியின் கதை அதற்குச் சான்று. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துத் தமிழகம் வறட்சியில் வாடியது, கரும்பு குறைந்தது. 2017 ஏப்ரலில் நடுவண் அரசு 5 லட்சம் டன் கச்சாச் சீனியைத் தீர்வையின்றி இறக்குமதி செய்ய அனுமதித்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் தென் மாநிலங்களின் தேவைக்காக மேலும் 3 லட்சம் டன் 25 சதவீதச் சலுகைத் தீர்வையில் அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே விளைச்சல் பெருகியது. 2018 பிப்ரவரியில் சீனி மீதான இறக்குமதித் தீர்வை 50 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஒரு பருவத்தில் திறந்த கதவு மறு பருவத்தில் அடைக்கப்பட்டது. அதே போல 2022 ஜூன் முதல் சீனி ஏற்றுமதி கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. 2022-23 பருவத்தில் ஆலைகளுக்கு இவ்வளவு ஏற்றுமதி என்று ஒதுக்கீடு வகுக்கப்பட்டது.

அரசின் இந்தச் செயல்களை எல்லாம் அநீதி என்று ஒதுக்கிவிட முடியாது. வெளிநாட்டுச் சீனி தடையின்றிக் கொட்டினால் ஆலை நலியும். ஆலை நலிந்தால் கரும்பு வெட்டிக் கொடுத்த உழவருக்குப் பணம் நிலுவையில் நிற்கும். உள்நாட்டுச் சீனி முழுவதும் கப்பலேறிவிட்டால் ஏழையின் தேநீர் கசக்கும். இரு பக்கத்தையும் தாங்கிப் பிடிக்க ஓர் அரசு முயல்வது இயல்பே.

நம் துறைமுகமே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. மாலத்தீவில் கரும்பும் விளையாது, நெல்லும் விளையாது. அந்தச் சகோதர நாட்டிற்கு இன்றியமையாப் பொருள்களை ஆண்டுதோறும் குறித்த அளவில் அனுப்ப 1981-இல் இந்தியா உடன்படிக்கை செய்துகொண்டது. 2024 ஏப்ரலில், இரு அரசுகளுக்கும் இடையே மனக்கசப்பு நிலவிய வேளையிலும், அரிசி, கோதுமை மாவு, முட்டை, வெங்காயம், பருப்பு ஆகியவற்றோடு 64,494 டன் சீனியை அனுப்ப இந்தியா ஒப்புதல் அளித்தது. ஏற்றுமதிக்குப் பொதுவாகக் கட்டுப்பாடு இருந்தபோதும் மாலத்தீவுக்கு வாயில் திறந்திருந்தது. அந்தச் சரக்கு வெளியேற முதலில் குறிக்கப்பட்ட நான்கு சுங்க நிலையங்களுள் தூத்துக்குடியும் ஒன்று. பழைய துறைமுகத்திலிருந்து மாலேவுக்குத் தோணி செலுத்தும் மாலுமிகள் அந்தத் தீவுகளின் அடுப்பு எரிவதில் தமக்கும் பங்குண்டு என்பதை அறிவார்கள்.

ஆக, ஒதுக்கீடும் தீர்வையும் தம்மளவில் நன்மையாகவும் அமையலாம், தீமையாகவும் அமையலாம். நம் கவலை வேறிடத்தில் இருக்கிறது. ஆணை பிறக்கும் அலுவலகத்திற்கும் சீனி கரையும் குவளைக்கும் இடையே ஒரு நீண்ட வழி உண்டு. அந்த வழியில் இறக்குமதியாளர், மொத்த வணிகர், கிடங்குக்காரர், சில்லறைக் கடைக்காரர் என மனிதர்கள் நிற்கிறார்கள். பேனா அசைந்த ஒரே இரவில், உழைப்பின்றி ஓர் ஆதாயம் அவர்கள் கைக்கு வந்து சேர்கிறது. அந்த ஆதாயம் யாருக்குரியது?

அக்கரையில் நடந்தது

மன்னார் வளைகுடாவின் மறுகரையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2020 அக்டோபர் 13 அன்று இலங்கை அரசு, இறக்குமதிச் சீனி மீதான சிறப்புப் பண்ட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தது. மக்களின் சுமையைக் குறைப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. வரி ஏறத்தாழ முழுமையாக நீங்கியும், அந்த அளவுக்குக் கடை விலை இறங்கவில்லை. அரசு இழந்த வருவாய் 1,500 கோடி இலங்கை ரூபாய்க்கும் அதிகம் என்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் பேசப்பட்டது. கருவூலம் இழந்தது, மக்களின் கையில் சேரவில்லை. இடையில் அது எங்கோ தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சீனி கிலோ 200 ரூபாயைக் கடந்தபோது, நெருக்கடி நிலை விதிகள் கொண்டுவரப்பட்டு, கிடங்குகளில் பதுக்கிவைத்த மூட்டைகள் கைப்பற்றப்பட்டன.

2023 நவம்பர் தொடக்கத்தில் அதே வரி 25 சதத்திலிருந்து மீண்டும் 50 ரூபாயாக ஏறியது. 25 சத வரியில் வந்து இறங்கிய சீனி கிடங்குகளில் இருந்தது. ஆயினும் விலை உடனே ஏறியது. இறங்கும்போது நத்தையாகத் தவழ்ந்த விலை, ஏறும்போது முயலாகப் பாய்ந்தது.

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2024 செப்டம்பரில் இந்திய அரசு சமையல் எண்ணெய் மீதான இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. குறைந்த தீர்வையில் வந்த எண்ணெய் ஏறத்தாழ 30 லட்சம் டன் கையிருப்பில் உள்ளது, அது 45 முதல் 50 நாள்களுக்குப் போதும், ஆகவே அது தீரும்வரை விலையை உயர்த்தாதீர்கள் என்று அரசே நிறுவனங்களிடம் கேட்டுக்கொண்டது. விலை உயர்ந்தது. 2025 மே மாத இறுதியில் கச்சா எண்ணெய் வகைகளின் தீர்வை பாதியாகக் குறைக்கப்பட்டபோது, அந்தப் பயனை மக்களுக்குக் கொடுங்கள் என்று மீண்டும் கேட்க வேண்டியதாயிற்று. தானே கொடுப்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

முதஃப்பிஃபீன் யார்?

திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரைப் பற்றியே பெயர் பெற்றது. பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களை அது எச்சரிக்கிறது. நாம் இதனைப் படிக்கல்லோடும் தராசு முள்ளோடும் நிறுத்திக்கொள்கிறோம். இன்று தராசுகள் மின்னணுத் தராசுகள். எடை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கையின் உள்ளே இருப்பது இரண்டு அளவைகள் என்ற நோய். தனக்கு ஒரு படி, பிறருக்கு ஒரு படி. வரி குறையும்போது கொள்முதல் விலையைக் காட்டியும், வரி கூடும்போது வரப்போகும் விலையைக் காட்டியும் விற்பவர் கையில் இருப்பவை அந்த இரண்டு படிகள்தாம்.

வணிகச் சகோதரர்கள் இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள். "பழைய விலைக்கு விற்றுவிட்டால், அந்தப் பணத்தில் அடுத்த சரக்கை முழுதாக எடுக்க முடியாது. நூறு மூட்டை விற்று எண்பது மூட்டை வாங்கினால் கடை எத்தனை நாள் நடக்கும்? விலை சரியும்போது நட்டத்தை யார் தாங்குகிறார்கள்?" இந்த மறுப்பை நாம் தள்ளிவிடவில்லை. சந்தை விலைக்கு விற்பது ஹலால். மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்டியும், நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். எவருக்கும் அநீதி இழைத்த நிலையில் தம் இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. வணிகரும் அநீதிக்கு ஆளாகக்கூடாத மனிதரே என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஆனால் அந்த நியாயம் இரு பக்கமும் வெட்ட வேண்டும். அடுத்த சரக்கின் விலையே இன்றைய விலை என்பது உங்கள் கணக்கானால், தீர்வை இறங்கிய நாளிலும் அதே கணக்கில் விற்றுவிடுங்கள். கொள்முதல் விலையே உங்கள் கணக்கானால், தீர்வை ஏறிய நாளிலும் அதனையே பற்றிக்கொள்ளுங்கள். எந்தப் படியையும் தேர்ந்துகொள்ளலாம். ஒரு படி மட்டுமே இருக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

முன்கூட்டிய செய்தியும் பூட்டிய கிடங்கும்

சந்தைக்கு வந்துகொண்டிருக்கும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஊருக்குள் நடக்கும் விலை வருபவருக்குத் தெரியாது, எதிர்கொள்பவருக்குத் தெரியும். அந்த அறியாமையின் மீது ஆதாயம் கட்டப்படுகிறது. இன்று ஒட்டகக் கூட்டம் இல்லை. ஆணை வெளிவருமுன்பே அதனை அறிந்துகொள்ளும் கூட்டம் இருக்கிறது. நாளை வரி மாறும் என்று இன்றிரவு ஒருவருக்குத் தெரிந்து, அவர் சரக்கைப் பூட்டினாலோ, அறியாதவர் தலையில் தள்ளினாலோ, அது அறிவுக்கூர்மை என்று பாராட்டப்படுகிறது. அந்தத் தடையின் நோக்கத்தை உணர்ந்தவர்கள் இதனை அவ்வாறு பாராட்ட மாட்டார்கள்.

பதுக்கலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மக்களுக்குத் தேவையான உணவை, விலை ஏறட்டும் என்று பிடித்துவைப்பவன் பாவி என்பது நாம் அனைவரும் ஜும்ஆ உரைகளில் கேட்டு வளர்ந்த செய்தி. வணிகர்கள் பதுக்கும்போது ஆட்சியாளர் தலையிட்டு நியாய விலைக்கு விற்கச் செய்யலாம் என்று இமாம் இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் விளக்கியுள்ளனர். விலை நிர்ணயத்தை மறுத்த நபிவழியும் பதுக்கலைத் தடுத்த நபிவழியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. முன்னது வணிகரைக் காக்கிறது. பின்னது மக்களைக் காக்கிறது.

இங்கே வீட்டார் மீதும் ஒரு சொல் உண்டு. வதந்தி கிளம்பியவுடன் ஐந்து கிலோ தேவைப்படும் வீட்டில் ஐம்பது கிலோ அடுக்கிவைப்பதும் சிறு அளவிலான பதுக்கலே. நம் மாடியறையில் முடங்கும் மூட்டை, தினக்கூலி பெற்று அன்றன்று கால் கிலோ வாங்கும் அண்டை வீட்டாரின் விலையை ஏற்றுகிறது.

சுங்கத்தை ஏய்ப்பது

தீர்வை கூடும்போதெல்லாம் நம் கரையில் வேறொரு சோதனையும் தலைதூக்குகிறது. இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபின், இக்கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் இரவோடிரவாகப் படகேறியதையும், கொட்டைப்பாக்கு வேறு பெயரில் கொள்கலன்களில் வந்து தூத்துக்குடியில் பிடிபட்டதையும் நாளிதழ்களில் வாசித்திருக்கிறோம். பிடிபடுபவர்கள் பெரும்பாலும் படகோட்டிகளும் சுமை தூக்கிகளுமே. பின்னால் இருப்பவர்களின் பெயர் எளிதில் வெளிவருவதில்லை.

சிலர் இதற்கு மார்க்கத்தின் பெயரால் ஒரு காரணம் தேடுகிறார்கள். அநியாயமான சுங்கமாகிய மக்ஸ் கண்டிக்கப்பட்டதுதானே, அதனை ஏய்ப்பதில் என்ன குற்றம் என்பது அவர்கள் வாதம். ஒரு வரி நியாயமானதா என்பது ஒரு கேள்வி. அதற்காகப் பொய்ச்சீட்டு எழுதலாமா, கையூட்டுக் கொடுக்கலாமா, கூலிக்கு வந்த இளைஞனைச் சிறைக்கு அனுப்பலாமா என்பவை வேறு கேள்விகள். முதலாவதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. பின்னவற்றில் விவாதமே இல்லை. உரிமம் பெறும்போது நாம் இடும் கையொப்பம் ஒரு வாக்குறுதி. வாக்குறுதியை நிறைவேற்றுவது முஃமினின் அடையாளம். மேலும், ஏய்த்து வந்த சரக்கோடு போட்டியிட முடியாமல் நேர்மையாகத் தீர்வை கட்டியவர் கடையை மூடுகிறார். அவரும் நம் சகோதரர்தாம்.

உமர் (ரலி) அவர்களின் தீர்வை

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் வெளியிலிருந்து மதீனாவுக்குச் சரக்குக் கொண்டுவந்த நபத்தி வணிகர்களிடம் தீர்வை பெறப்பட்டது. பயறு வகைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு. கோதுமைக்கும் எண்ணெய்க்கும் அதில் பாதி, அதாவது இருபதில் ஒரு பங்கு மட்டுமே. மதீனாவுக்கு அவற்றின் வரத்துப் பெருக வேண்டும் என்பதே அதற்குக் காரணம் என்பதை இமாம் மாலிக் அவர்களின் முவத்தா பதிவு செய்திருக்கிறது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு தீர்வை என்று எழுதும்போது அந்த ஆட்சியாளரின் கண்முன் நின்றது மக்களின் உணவுத் தட்டு. விகிதங்கள் வெளிப்படையானவை, காரணமும் வெளிப்படையானது.

ஓர் அரசு ஒதுக்கீட்டை யாருக்கு, எவ்வளவு, எதற்காக வழங்கியது என்பதைப் பொதுவில் வைக்க வேண்டும். நள்ளிரவு ஆணைகளைக் குறைக்க வேண்டும். ஆணை வெளியாகும் நாளில் கையிருப்பு எவ்வளவு, எந்தத் தீர்வையில் வந்தது என்ற கணக்கை வெளியிட வேண்டும். அந்த ஒரு கணக்கு வெளியானாலே பாதி மோசடி நின்றுபோகும். குடிமக்கள் என்ற முறையில் இதனைக் கேட்பது நம் உரிமை. நீதியை நிலைநாட்டப் பணிக்கப்பட்ட சமுதாயம் என்ற முறையில் கடமையும்கூட.

நம் துறைமுகத்தின் நற்சான்று

வணிகன் என்றாலே ஆதாயம் தேடுபவன் என்று நாம் இகழவில்லை. 1906-இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது ஒரு பங்கின் விலை 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, 2 லட்சம் ரூபாய் கொடுத்து ஏற்றுக்கொண்டார். எதிரே நின்றது கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய்ப் போட்டியாளரை மூழ்கடிக்கும் வலிமை படைத்த ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம். போட்ட பணம் திரும்பும் என்ற உறுதி எவருக்கும் இல்லாத முயற்சி அது. இருந்தும் பொதுநன்மைக்காக ஒரு முஸ்லிம் வணிகர் தம் செல்வத்தைக் கொண்டுவந்து வைத்தார். இந்தத் துறைமுகத்தில் நம் சமுதாயத்தின் பெயர் இத்தகைய செயல்களால் அறியப்பட வேண்டும்.

ஆகவே வணிகச் சகோதரர்களிடம் நாம் வேண்டுவது எளியது. கடையில் ஒரு படியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வரி குறைந்த நாளில், கேட்குமுன்பே விலையைக் குறைத்து எழுதிவையுங்கள். வரி ஏறிய நாளில், பழைய சரக்கு உள்ளவரை பழைய விலை என்று ஓர் அட்டையைத் தொங்கவிட முடிந்தால், அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை. அவ்வாறு செய்ய இயலாத நெருக்கடியில் இருப்பவர், காரணத்தை மறைக்காமல் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடட்டும். ஜமாஅத்தார் ரமளானுக்கு முன்னரே ஊர்க் கடைக்காரர்களை அழைத்து அமர்ந்து பேசலாம். குற்றம் சாட்டுவதற்காக அன்றி, அவர்களின் இடர்களையும் கேட்டு ஓர் உடன்பாட்டுக்கு வருவதற்காக. விலை குறைத்து விற்பவரைத் தேடிச் சென்று வாங்குவது நம் வீட்டாரின் பொறுப்பு.

ஸகாத் கணக்கிடும்போது நாம் கிடங்கிலுள்ள சரக்கை மதிப்பிடுகிறோம். அந்த மூட்டைகளுள் எது உழைப்பால் வந்தது, எது அண்டை வீட்டாரின் அறியாமையால் வந்தது என்ற கணக்கையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது. இன்னொரு நாளில் அந்தக் கணக்கு நம்மிடம் கேட்கப்படும்; அங்கே இருப்பது ஒரே தராசு.

வல்ல நாயன் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி, நம் கடைகளிலும் வீடுகளிலும் பரக்கத் செய்தருள்வானாக. ஆமீன்.